மாமரத்தைத் தாண்டிய மூடி

நாலு பேர் கூடிய இடத்தில் எடுத்துவிட ஆண்கள் ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருப்பார்கள். என்னுடையது வெடிக் கதை. 1969 தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம், சிங்கப்பூரில் செம்பவாங் நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ் பின்புறத்தில், பதினொரு வயதுப் பையனாக நான் ஒரு காலி மைலோ டின்னில் கார்பைடு போட்டு வெடித்த கதை. மூன்று வரிசை தள்ளி இருந்தவர்கள்கூட வாசலுக்கு ஓடி வந்தார்கள். மூடி மாமரத்தைத் தாண்டிப் பறந்தது. டின் எகிறிப் பக்கத்து வீட்டுச் சேச்சியின் கோழிக்கூட்டுத் தகரத்தில் மோதிப் பள்ளம் போட்டது. கோழிகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பா ரோத்தானை, அதாவது பிரம்பை, எடுத்தார். ஏற்கனவே சிராய்த்திருந்த முட்டியிலேயே அடி விழுந்தது. இந்த முட்டி விஷயத்தை நான் ஒருபோதும் விடமாட்டேன், அந்த இடத்தில்தான் எல்லாரும் ‘ஐயோ’ என்பார்கள்.

தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பயிற்சியில், இருந்தபோது இரவுக் காவலில் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவிக்குச் சொன்னேன். மகன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன், சம்பந்தி வீட்டார் மரியாதைக்குச் சிரித்தார்கள். போன தீபாவளியன்று ஊட்லண்ட்ஸில் அக்கா வீட்டில் பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்று மறுபடி ஆரம்பித்தேன். ‘குனிஞ்சு நெருப்பைக் கிட்ட கொண்டு போனேன், சூடு அப்படியே முகத்துல அடிச்சது’ என்று கையை வீசிக் காட்டிக்கொண்டிருக்கையில், காப்பிக் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள்:

‘அது நான் வச்சது.’

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கோப்பைகளோடு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் கதையை முடித்தேன், முட்டிக்கு ‘ஐயோ’வும் கிடைத்தது. ஆனால் இரவு பேருந்தில் வரும்போது மனம் அந்த நாலு வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சரியாக எண்ணினால் மூன்று வார்த்தைதான்.

கார்பைடு வாசம்

அந்தக் காலத்து நேவல் பேஸை அறிந்தவர்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். 1938இல் வெள்ளைக்காரன் திறந்த கடற்படைத் தளம். கான்பரா, வெலிங்டன், டெல்லி, டர்பன் என்று சாம்ராஜ்யத்தின் ஊர்ப் பெயர்களையெல்லாம் சாலைகளுக்கு வைத்திருந்தான். அதிகாரிகளுக்குப் புல்வெளியோடு வெள்ளை பங்களா, எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு வரிசை வீடு. எங்கள் வரிசையில் பாதிக்குப் பாதி மலையாளிகள். ஓணத்துக்கு அவர்கள் பாயசம் கொடுப்பார்கள், தீபாவளிக்கு நாங்கள் முறுக்கும் அதிரசமும் கொடுப்போம். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து, ஓலையில் பின்னி வேகவைத்த சோற்றுக் கட்டி, கேத்துப்பாட் வரும்.

அந்த ஊரில் வெடிக்கும் பஞ்சமில்லை, வெடிப்பதற்குக் காரணத்துக்கும் பஞ்சமில்லை. சீனப் புத்தாண்டுக்குச் சோங் பாங் கடை வரிசையில் மாடியிலிருந்து தரை வரைக்கும் சிவப்புச் சரம் தொங்கும். கொளுத்திவிட்டால் பேசுகிறவன் வாய் அசைவது மட்டுமே தெரியும். மறுநாள் காலையில் நடைபாதை முழுக்கக் கணுக்கால் புதையச் சிவப்புக் காகிதம் கிடக்கும். அதைக் கிளறி வெடிக்காமல் போனவற்றைப் பொறுக்குவது எங்களுக்குத் தனித் தொழில். திரி போனதைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்ப்போம். இப்போது நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. அன்றைக்கு அது சிப்பி பொறுக்குவது மாதிரி.

நோன்பு மாதத்தில் மலாய்ப் பையன்கள் மூங்கில் பீரங்கி வெடிப்பார்கள், மெரியம் பூலோ. இருட்டிய பிறகு கம்பத்துப் பக்கமிருந்து ‘டும்’ என்று ஒற்றைச் சத்தம் வரும். பட்டாசுச் சத்தம் காதில் அடிக்கும், இது நெஞ்சில் வந்து விழும். அவர்களிடம்தான் கார்பைடைப் பற்றித் தெரிந்துகொண்டோம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பலகாரம் விற்பவர்கள் விளக்குக்கு வைத்திருந்த சாம்பல் நிறக் கல். தண்ணீர் பட்டால் சீறும், பூண்டு அழுகிய மாதிரி ஒரு நாற்றம் அடிக்கும். அதிலிருந்து கிளம்பும் வாயுவின் பெயர் அசிட்டிலின். துறைமுகப் பட்டறையில் எங்கள் அப்பாக்கள் கப்பல் தகட்டை வெட்டியதும் ஒட்டியதும் அதே வாயுவில்தான் என்பது பின்னாளில் வேதியியல் வகுப்பில் தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடையில் வாங்கும் வெடிக்கு ஓர் அளவு உண்டு. குருவி வெடி குருவி வெடியாகத்தான் வெடிக்கும். டின் அப்படியில்லை. பத்தில் ஆறு முறை ஒன்றும் நடக்காது, மூன்று முறை ‘புஸ்’. பத்தாவது முறை அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பத்தாவதுக்காகத்தான் ஒன்பது முறையும் காத்திருப்போம். எரியவில்லையே என்று கிட்டே போய் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். கம்பத்துப் பையன் ஒருவனுக்கு இரண்டு புருவமும் போய், பெருநாள் அன்று அவன் அம்மாவின் மைப் பென்சிலால் வரைந்துகொண்டு வந்தான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஒரு விரல் அளவு கீழே பட்டிருந்தால் கண். அந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை.

இதெல்லாம் பையன்கள் உலகம். பெண் பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், மிஞ்சிப் போனால் புஸ்வாணம். அதையும் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அம்மா பார்வையில் வைத்துக் கொளுத்த வேண்டும். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பன்னிரண்டு வயது வரைக்கும் எங்களோடுதான் அலைந்தாள். மரத்தில் ஏறுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள், புட்டு அவித்தார்கள், அதற்குப் பிறகு அவள் பின்புறம் வரவில்லை. நாங்கள் அதைக் கவனித்ததாகக்கூட ஞாபகமில்லை. ஓர் ஆள் குறைந்தது, அவ்வளவுதான். சமையலறை ஜன்னல் மட்டும் பின்புறத்தைப் பார்த்து இருந்தது.

போனது எது

பள்ளிக்கூடத்துப் பழைய நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். தீபாவளி நெருங்கினால் போதும், புலம்பல் ஆரம்பித்துவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், திரையைத் தடவுவதுதான் தெரியும், நாம் வெடித்த வெடியென்ன, நமக்கு என்ன ஆகிவிட்டது? தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஒளியூட்டு மட்டும் இருந்தால் தீபாவளியா? இந்தப் புலம்பலில் நானும் வஞ்சகமில்லாமல் கலந்துகொள்வேன். சிகரமாக மைலோ டின் கதையைப் போடுவேன்.

ஆனால் மனசுக்குள் ஒன்று தெரியும். தடை வந்தது சும்மா இல்லை. 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் ஆறு பேர் செத்தார்கள், அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். அந்த மார்ச் மாதமே பாதித் தடை வந்தது. 1972 பிப்ரவரியில் பட்டாசு வெடிப்பதைத் தடுக்கப் போன, கையில் ஆயுதம் இல்லாத இரண்டு போலீஸ்காரர்களை அடித்துப் போட்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து முழுத் தடை. மறு வருஷம் ஊர் ரொம்ப அமைதியாகிவிட்டது என்று சிங்கே ஊர்வலத்தை ஆரம்பித்தார்கள். இன்று வருஷா வருஷம் கூட்டம் கூடிப் பார்க்கிறதே, அதே சிங்கே. அந்த இடைவெளியில் வெள்ளைக்காரன் 1971இல் மூட்டை கட்டிவிட்டான், தளத்தின் பட்டறை கப்பல் கட்டும் தளமாக மாறியிருந்தது. எங்களையும் கொஞ்ச நாளில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் கார்பைடு டின்னை எங்கே வைப்பது? ஆக, வெடி போனதா, பின்புறம் போனதா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பதினான்கு வயதில் என் கையிலிருந்து பட்டாசைப் பிடுங்கிய அரசாங்கம், தேசிய சேவையில் கையெறிகுண்டைக் கொடுத்து எறியச் சொன்னது என்பதும் உண்மை. எறிந்தேன். சத்தம் பெரிதுதான். சார்ஜண்ட் பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததால் அதில் ஒன்றும் ருசி இல்லை.

தடை சரி என்றுதான் நினைக்கிறேன். குழுவில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. 2018இல் தீபாவளி சமயம் லிட்டில் இந்தியா பக்கம் சிலர் வாணவெடி கொளுத்தி, போலீஸ், வழக்கு என்று போனபோது குழுவில் பாதிப் பேர் ‘சபாஷ்’ போட்டார்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். மறுநாள் காலையில் பேத்தியைப் பள்ளியில் விட அதே பக்கமாகப் போனபோது, அந்தக் கட்டைவிரலை அழித்துவிட முடியுமா என்று கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தேன்.

முட்டி

ஒரு வாரம் பொறுத்து, தனியாக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் இறந்ததிலிருந்து அவள் ஒருத்திதான். மதிய வெயிலில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

‘அன்னைக்கு ஏன்க்கா அப்படிச் சொன்ன?’

‘எப்படி?’

‘நீதான் வச்சேன்னு.’

‘நான்தானே வச்சேன்.’

நான் வாதாடினேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, குனிந்தது, சூடு, காதில் ‘ங்’ என்ற ரீங்காரம். அக்கா கீரையைப் பார்த்தபடியே கேட்டாள்: ‘உனக்கு முட்டி ஏன் சிராய்ச்சிருந்துச்சு?’

ஐம்பத்தைந்து வருஷமாக நானே சொல்லி வந்த விஷயம். அதை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. பந்து விளையாடி விழுந்ததில் சிராய்த்தது. பந்து விளையாடியது கான்பரா சாலைத் திடலில், வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. முட்டியில் ரத்தத்தோடு நான் திரும்பி வரும்போது சேச்சி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். பையன்கள் ஓடி வந்து, ‘டேய், உன் டின்னுடா, என்னா சத்தம்!’ என்று என் முதுகில் தட்டினார்கள். டின் என்னுடையதுதான். காலையில் தயார் பண்ணி, குளியலறைத் தடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். யார் வெடித்தது என்று எனக்குத் தெரியாது. பையன்களில் ஒருவன் என்று நினைத்தேன், அவர்கள் நான் என்று நினைத்தார்கள். நான் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் முதல் பொய். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு உண்மை தெரிந்திருந்தது என்பது, அக்காவின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கையில் மெதுவாக மேலே வந்தது, குளத்தின் அடியில் கிடந்த செருப்பு மிதந்து வருகிற மாதிரி.

பின்னே முகத்தில் அடித்த சூடு? அது எங்கிருந்து வந்தது? வேறு நாள், வேறு டின்னாக இருக்கலாம். அல்லது ஒரு சூடுமே இல்லாமல் இருக்கலாம். எந்தக் காவல் இரவில், எந்த விருந்தில் நான் அதைச் சேர்த்தேன் என்று தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சூடு இருக்கிறது.

அக்கா அவசரமில்லாமல் சொன்னாள். அம்மா சேச்சி வீட்டுக்கு முறுக்குக் குழல் வாங்கப் போயிருந்தாள். அடுப்பில் அதிரசத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்களுக்கு எங்கே தப்பு நடக்கிறது என்று எங்களைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. ‘நீங்க பொறுமை இல்லாம உடனே உடனே பத்த வைப்பீங்க. அதான் புஸ்ஸுன்னு போகும்.’ அவள் காத்திருந்தாள். கைக்குத் தோன்றிய நேரத்தில் பத்தவைத்தாள். அவ்வளவுதான் சொன்னாள். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது கீரை ஆயும் கை நின்றுவிட்டது.

அவள் இடது மணிக்கட்டின் உள்பக்கம் பத்துக் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. அதிரசச் சட்டி எண்ணெய் தெறித்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா அதைத்தான் சொன்னாள், ‘பதினாலு வயசிலேயே பலகாரம் சுடுவா’ என்று கூடுதலாக ஒரு சான்றிதழும் கொடுத்து. கல்யாணத்துக்கு அப்புறம் அக்கா அந்த இடத்தில் கடிகாரம் கட்ட ஆரம்பித்தாள்.

‘அம்மாவுக்குத் தெரியுமா?’

‘வந்த உடனே என் கையைத்தான் மோந்து பார்த்தா. பூண்டு வாசம் அடிச்சா தெரியாதா? தோசை மாவை அள்ளி அப்பினா. வாயைத் திறக்காதன்னா.’

‘அப்போ அப்பா என்னை அடிக்கிறப்போ?’

‘பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா.’

அம்மா போய் இருபது வருஷமாகிறது. கோபப்பட ஆளில்லை. அன்று ராத்திரி அம்மா என் தட்டில் இரண்டு அதிரசம் கூட வைத்தாள், அதுவும் பூஜைக்கு எடுத்து வைத்திருந்ததிலிருந்து. அடி வாங்கிய பிள்ளைமேல் பாசம் என்று அதையும் கதையில் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். இரண்டு அதிரசத்துக்கு நான் எதை விற்றேன் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு விதத்தில் லாபம் எனக்குத்தான். அடி அன்றோடு போயிற்று, கதையை இத்தனை வருஷம் வைத்துச் சாப்பிட்டுவிட்டேன். அவளுக்குக் கிடைத்தது கடிகாரம்.

இதைக் குழுவில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்புப் படங்கள் நாற்பது வரும். ‘நாம் வெடித்த வெடி’ என்று நாங்கள் எழுதுகிறோமே, அந்த ‘நாம்’ யார் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புக் காகிதத்தைக் கூட்டி அள்ளியவர்கள் யாரும் அதில் இல்லை. இங்கே ஜன்னலுக்கு உள்ளே நின்றவர்கள் இந்த வருஷங்களையெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு கழித்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

‘இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்போ ஏன்க்கா சொன்ன?’

அக்கா தண்டுகளை ஒதுக்கிக் காகிதத்தில் மடித்தாள். ‘நீ சொல்றது சொல்லிக்கோன்னுதான் விட்டேன். ஒவ்வொரு தடவையும் மாமரம், மாமரம்ங்கிற. எனக்கு எவ்வளவு எரிச்சலா இருக்கும் தெரியுமா? மாமரம் என்ன உயரம் இருக்கும்? தென்னை மரத்தைத் தாண்டிச்சுடா.’

மலேசியக் கரையிலிருக்கும் ஜோகூர் பக்கமிருந்து அப்போது தொலைவில் வெடிச் சத்தம் கேட்டது. ஊட்லண்ட்ஸில் அது சகஜம். தீபாவளி முடிந்து ஒரு வாரம் வரைக்கும் அந்தக் கரையில் யாராவது மிச்சத்தைக் கொளுத்திக்கொண்டுதான் இருப்பார்கள், கடலைத் தாண்டிச் சத்தம் மட்டும் இங்கே வரும். அக்கா காது கொடுத்துக் கேட்டாள். ‘சரம்’ என்றாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக என் பக்கம் திரும்பினாள்.

‘மறுநாள் விடியக்காலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு, எல்லாரும் எந்திரிக்கறதுக்குள்ள போய்த் தேடினேன். தென்னைக்கு அந்தாண்ட, லோங்காங் சாக்கடை ஓரத்துல கிடந்துச்சு மூடி. அம்மா அதைக் கழுவி உப்பு டின்னுக்குப் போட்டுட்டா. குவார்ட்டர்ஸைக் காலி பண்ற வரைக்கும் அதுதான் கிடந்துச்சு. ஞாபகம் இருக்கா?’

‘இருக்கே’ என்றேன் உடனே. இருந்தது. கறுத்த விளிம்பு, அழுத்தி அழுத்தி மூடினாலும் சரியாக உட்காராதது, சாம்பாருக்கு உப்பு எடுக்கும்போது அம்மா அதைக் கத்தியால் நெம்புவது, எல்லாம் கண்முன்னால் வந்தது.

அக்கா என்னையே பார்த்தாள்.

‘அப்படின்னா, எந்தப் பக்கம் நசுங்கி இருந்துச்சு, சொல்லு.’